ஒரு வெயில் கண்ட மீன்

இன்று காலை எங்கள் வாசலுக்கு முன்னால் லொறியொன்று நனைந்த சரளைக்கல்லைக் கொட்டிவிட்டுப் போனது. வீதியைத் தோண்டிக் குழாய் மாற்றுகிறார்கள். யன்னல் பூட்டித்தான் கிடந்தது. ஆனாலும் அந்த வாசம் படியேறி வந்து என்னைக் கட்டிலில் இருந்து எழுப்பிவிட்டது. ஆற்றடியில் கிடந்த கல்லின் வாசம் எப்படியிருக்கும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. உன் சட்டை முழுக்க அதுதான். எத்தனை தரம் துவைத்தாலும் போகாது.

மேற்சட்டையும் போடாமல் இறங்கிப் போய்க் குவியலுக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். கை தன்பாட்டில் கல்லை அள்ளுகிறது, புரட்டுகிறது, போடுகிறது. வேலைக்காரரில் ஒருவன், "பெரியவரே, என்ன தொலைத்தீர்?" என்று டொச் பாஷையில் கேட்டான். ஒரு ஆளைத் தொலைத்தேன் என்று சொன்னால் அவன் பயந்துவிடுவான். மேலே வந்துவிட்டேன். வந்தும் இருக்க முடியவில்லை. யன்னலுக்கும் கதவுக்குமாய் நடந்துகொண்டுதான் இதைச் சொல்கிறேன்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். கோயில் பூசைக்கு வரும் ஒரு பிள்ளை நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். என் பேச்சைக் கொஞ்சம் நேராக்கித்தான் எழுதுவாளாம். தொடங்கும்போதே, "ஐயா, இதை எந்த விலாசத்துக்கு அனுப்புறது?" என்று கேட்டாள். "நீ எழுது பிள்ளை, விலாசம் பிறகு பாப்பம்" என்றேன்.

இப்போது நான் இருப்பது வுப்பர்டாலில், மருமகன் வீட்டில். தலைக்கு மேலே ரயில் தொங்கிக்கொண்டு போகிற ஊர். இங்கே ஆறு இருக்கிறது, ஏரி இல்லை. அதற்காகவே வந்தேன் என்று மருமகனுக்குச் சொல்லவில்லை.

போடன்சே ஏரிக்கரையில் அந்த ஹைம் உனக்கு ஞாபகம் இருக்கும். பழைய விடுதியை அகதிகளுக்கென்று பிரித்து அறை அறையாய்த் தடுத்திருந்தார்கள். எங்கள் அறையில் நீ, நான், ராசன். ராசன் எல்லாம் தெரிந்தவன். எந்த எல்லையில் எந்தக் காவல் எப்போது மாறும், எந்த ஏஜென்சிக்காரன் சொன்ன சொல் காப்பான், எல்லாம் அவன் வாயில். நீ வந்த அன்று யன்னலைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு, "இதோ உந்தக் கடல் எண்டு சொன்னது?" என்று கேட்டாய்.

"கடல் இல்லையடா தம்பி, ஏரி" என்றேன்.

"ஏரியும் இல்லை அண்ணை. குளம். உப்பில்லாத தண்ணிக்கு மன்னாரிலை குளம் எண்டுதான் பேர்."

மூன்று நாடுகள் சுற்றி நின்று பங்கு போட்டு வைத்திருக்கிற தண்ணீரை நீ கடைசிவரை குளம் என்றுதான் சொன்னாய். நானும் சிரித்தேன். நானும் உப்புத் தண்ணீர் ஆள்தானே. பாய் விரித்து ஓடிய தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்கி வளர்ந்தவன். குளத்துக்குப் பயப்பட எங்கள் இரண்டு பேருக்கும் ஆரும் சொல்லித் தரவில்லை.

உனக்கு வேலை கிடைத்த விதத்தை இப்போதும் என்னால் அப்படியே பார்க்க முடிகிறது. துறைமுகச் சுவரில் இருவரும் சும்மா நிற்கிறோம். சரளை ஏற்றிய கப்பல் வருகிறது. நீளமாய், தட்டையாய், பழைய இரும்பு. பாரம் ஏற்றினால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இராது. பக்கக்காற்று தள்ள, அதன் இயந்திரக்காரன் எறிந்த கயிறு சுவருக்கு எட்டாமல் விழுகிறது. இரண்டாம் தரம் எறிய, நீ பாய்ந்து பிடித்துக் கட்டையில் சுற்றிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல வந்து என் பக்கத்தில் நின்றாய். கப்பித்தான் மேலேயிருந்து உன்னைப் பார்த்தார். வெள்ளைத் தாடி, வாயில் அணைந்த சுருட்டு. விரலை மடக்கி வா என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, உனக்கு டொச் தெரியாது. கையாலேயே பேசி வேலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாய்.

வழக்கு முடியாத அகதி வேலை செய்யக்கூடாது. தந்த மாவட்டத்தின் எல்லையைத் தாண்டவும் கூடாது. உன் கப்பலோ அக்கரைக்கு, இன்னொரு நாட்டின் ஆற்றுவாய்க்கு, சரளை அள்ளப் போகிற கப்பல். காலையில் நாடு விட்டுப் போவாய், பின்னேரம் நாடு திரும்புவாய். ராசன் தலையில் அடித்துக்கொள்வான்.

"அண்ணை, இவரைப் போல ஒரு விசர் அகதி உலகத்திலை இல்லை. சனம் காசு கட்டி எல்லை பாயுது. இவர் ஒவ்வொரு நாளும் சும்மா பாயிறார், ஒவ்வொரு நாளும் திரும்பி வாறார்!"

"நான் ஓடினால் என்ரை வழக்குப் போச்சு. வழக்குப் போனால் அவள் பிள்ளையளோடை வாற வழியும் போச்சு" என்று நீ சொல்வாய். அதற்கு மேல் அந்தக் கதையை வளர்க்கமாட்டாய். உன் மனைவி றீற்றா பிள்ளைகளோடு வவுனியா முகாமில் இருந்தாள். அவளுடைய படத்தை நீ சுவரில் ஒட்டவில்லை, அந்தோனியார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாய். "ராசன்ரை கண் பொல்லாத கண்" என்பாய். ராசன், "அந்தோனியாருக்குப் பின்னாலை நிக்கிறவளை நான் ஏன் பாக்கிறன்" என்பான்.

கப்பலில் உன் பெயர் ஆருக்கும் வாய்க்குள் நுழையவில்லை. கப்பித்தான் உன்னை மத்ரோஸ் என்றார். மாலுமி என்று அர்த்தமாம். அன்று பின்னேரம் நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தாய். "குளத்திலை மாலுமி" என்று ராசன் பட்டம் கட்டினான். உனக்கு அதிலும் பெருமைதான்.

பிறகு உன் கருவாடு. முள் கூடிய ஒரு மீனை அந்த ஊர் மீன்பிடிகாரர் சீண்டமாட்டார்கள். வலையில் ஏறினால் சும்மா தருவார்கள். நீ அதை வாங்கி வந்து, முதுகால் கீறி, உப்புப் போட்டு, பழைய அடுப்பின் கம்பித் தட்டில் விரித்து யன்னலுக்கு வெளியே வைப்பாய். ஹைம் முழுக்க நாறும். கட்டடப் பொறுப்பாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து கத்துவார். ஒருநாள் பொரித்த துண்டொன்றை அவர் கையில் வைத்தாய். மனுசன் முள்ளைத் துப்பித் துப்பிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த கிழமையில் இருந்து கத்துவதைக் குறைத்துக்கொண்டார். கப்பித்தானும் அப்படித்தான் என்று சொன்னாய். "மணக்குது எண்டு ஏசுவார், அண்ணை. ஏசிக்கொண்டே என்ரை பெட்டிக்குள்ளை கை வைப்பார்."

அந்த நாளுக்கு வருகிறேன். வராமல் சுற்றிச் சுற்றிப் போகிறேன் என்று எழுதுகிற பிள்ளையே சொல்லிவிட்டாள்.

இலை உதிர்காலம். குளிர வேண்டிய நாளில் வெக்கையாய் ஒரு காற்று. முதல் நாள் விரித்த மீனை நீ விடியவே திரும்ப வெளியே எடுத்து வைத்தாய். மேகம் ஒரு பொட்டும் இல்லை. ஏரிக்கு அப்பால் எப்போதும் புகைபோலத் தெரிகிற பனிமலை, அன்று கையை நீட்டினால் தொடலாம் என்பதுபோல் துறைமுகத்துக்கு நேரே வந்து நின்றது. பாறையில் வெடிப்புக்கூடத் தெரிந்தது.

"பாருங்கோ அண்ணை, மலை கிட்ட வந்திட்டுது. இண்டைக்குக் குளம் தூங்கும்" என்றாய்.

உங்கள் மன்னார்க் கரையில் அப்படித்தான் என்று முன்பே சொல்லியிருந்தாய். தூரத்து மணல் தீடைகள் கண்ணுக்குக் கிட்டத் தெரிந்தால் கடல் படுத்துவிட்டது என்று அர்த்தம், நம்பி இறங்கலாம். எங்கள் பக்கத்திலும் அக்கரை வெளித்தால் நல்ல நாள்தான். நானும் ஓம் என்றேன். அந்த ஏரியில் கணக்கு மறுபக்கம் என்று இருவருக்கும் தெரியாது. அங்கே மலை கிட்ட வந்தால் மலைக்குப் பின்னாலிருந்து காற்று இறங்கப் போகிறது என்று அர்த்தமாம். அந்த ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம். நாங்கள் கடலைப் படித்தவர்கள். மலையை ஆர் எங்களுக்குப் படிப்பித்தது?

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நீ சொன்ன கடைசிச் சொல் என் காதில் இன்னும் சூடாய் இருக்கிறது. "மீன் ஒரு வெயில்தான் கண்டிருக்கு அண்ணை. மத்தியானம் ஒருக்கால் திருப்பி விடுங்கோ. போட்டு வாறன்."

மத்தியானம் திருப்பினேன். அந்த வெக்கைக் காற்றில் மீன் அருமையாய்க் காய்ந்துகொண்டிருந்தது. கடைசி மீனைத் திருப்பி வைத்த நேரம் தட்டே கையை விட்டுப் பறக்கப் பார்த்தது. நிமிர்ந்தேன். ஏரி நிறம் மாறிக் கிடந்தது. வானம் நீலம், வெயில் பளிச்சென்று எறிக்கிறது, தண்ணீர் மட்டும் கறுத்து, வெள்ளை வெள்ளையாய்க் கிழிகிறது. மழையில்லாத, மேகமில்லாத புயலை நான் அதற்கு முன் கண்டதில்லை. ஏரியைச் சுற்றிக் கம்பங்களில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் மின்னத் தொடங்கின. முதலில் மெதுவாய் மின்னின. பிறகு பைத்தியம் பிடித்ததுபோல் மின்னின.

தட்டை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு ஓடினேன். ஓடுகிற வயதா எனக்கு? ஓடினேன்.

கடலின் திரை நீளம். ஏறி இறங்க நேரம் தரும். இந்தத் திரை குட்டை, செங்குத்து. ஒன்று அடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்தது அடிக்கும். உன் கப்பல் சரளையோடு திரும்பி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஒரு கறுப்புக் கோடு. மேலே தெரிந்தது கப்பித்தான் நிற்கிற கூண்டு மட்டும்தான். ஈரச் சரளை தண்ணீர் குடித்தால் விடாது, இன்னும் இன்னும் குடிக்கும் என்று எனக்குத் தெரியும். "கரைக்கு விடடா, கிட்டின கரைக்கு விடு" என்று கத்தினேன். ஆருக்குக் கேட்கும்? கோடு ஒரு பக்கம் சரிந்தது. கூண்டு சாய்ந்தது. சுவரில் நின்ற ஒரு கிழவி சிலுவை போட்டாள். நான் கண்ணை மூடவில்லை. திறந்துதான் வைத்திருந்தேன். ஆனாலும் எந்த நேரத்தில் கோடு இல்லாமல் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

மீட்புப் படகு அடிபட்டு அடிபட்டு வந்து சேர்ந்தது. போர்வை சுற்றி இறக்கினார்கள். முதலில் இயந்திரக்காரன், பிறகு கப்பித்தான். மூன்றாவது ஆளைப் பார்க்க நான் படகுக்குள் எட்டினேன். ஈரக் கயிறுதான் கிடந்தது.

"மத்ரோஸ்?" என்று கேட்டேன். அந்த இடத்துக்கு உதவக்கூடிய டொச் என்னிடம் அது ஒன்றுதான்.

கப்பித்தான் என்னைப் பார்த்தார். பக்கத்தில் பொலிஸ்காரர் நின்றார். கப்பித்தான் கண்ணைக் கீழே போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

மறுநாள் பேப்பரை ராசன் வாசித்தான். கப்பல் போய்விட்டது, அதில் இருந்த இருவரும் காப்பாற்றப்பட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. வாசித்து முடித்ததும் அவன் முகம் விரிந்தது.

"அண்ணை, ஆள் பாய்ஞ்சிட்டான்! அக்கரையிலை இறங்கி நடந்திட்டான். அங்காலை சுவிஸ்தானே. கடைசியிலை புத்தி வந்திட்டுது. கப்பல் மூழ்கினதிலை ஆள் இல்லை, அந்தோனியார் காப்பாத்திப் போட்டார்."

"அவன் கப்பலிலைதான் இருந்தவன்" என்றேன்.

"நீங்கள் கண்டனீங்களோ?"

காணவில்லை. தூரத்தில் கோட்டைத்தான் கண்டேன். "கருவாடு காயப் போட்டவன் நாடு விட்டுப் போவானோ?" என்று கேட்டேன். அறையில் கூடியிருந்த எல்லாரும் சிரித்தார்கள். "சுவிசிலை கருவாடு கடையிலை விக்குது அண்ணை" என்றான் ஒருவன்.

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஹைமில் எத்தனை கட்டில்கள் அப்படி ஒரே நாளில் வெறுமையானவை என்று உனக்குத் தெரியும். ஒருவன் பாய்ந்தால் மற்றவர் வாய் திறக்கக்கூடாது. அது எங்களுக்குள் எழுதாத சட்டம். பொறுப்பாளர் ஆட்களை எண்ண வந்தால் "குளிக்கிறார்", "கோயிலுக்குப் போட்டார்", "காய்ச்சல்" என்று சொல்லி, போனவன் போய்ச் சேரும்வரை அவன் இடத்தைப் பிடித்து வைப்பது. உனக்கும் அப்படியே அன்பாய்ச் செய்தார்கள். நீ ஏரிக்கு அடியில் கிடக்க, மேலே உனக்குக் காய்ச்சல் என்றார்கள். உன் சாப்பாட்டுப் பொதியை வாங்கி, வீணாகாமல் பங்கிட்டார்கள். அதனால் உன்னை ஒருவரும் தேடவில்லை. தேடாத இடத்தில் உன்னை விட்டுவிட்டு நான் எப்படிப் படுத்து எழும்புவது?

ராசன் அதற்குள் றீற்றாவுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டான். "தங்கச்சி, ஆள் பத்திரமாய் அக்கரைக்குப் போட்டார். கொஞ்ச நாளைக்குச் சத்தம் காட்டமாட்டார். நீங்கள் பயப்பிடாதேங்கோ." நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் அந்தச் சந்தோசத்தில் முகாமில் எல்லாருக்கும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாளாம்.

நான் உன் மீனைக் காய வைத்தேன். காலையில் வெளியே, வெயில் போக உள்ளே. திருப்பிப் போட்டேன். காய்ந்து கல்லான பிறகும் திருப்பினேன். பொறுப்பாளர் எறிய வந்தபோது குறுக்கே நின்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

குளிர்காலம் போனது. உன்னிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ராசன் முதலில் "கம்பிக்குள்ளை இருப்பான்" என்றான். பிறகு "கனடாவுக்கு ஏறியிருப்பான்" என்றான். பிறகு அந்தக் கதையை எடுப்பதையே விட்டுவிட்டான். அப்போதுதான் வவுனியாவில் இருந்து வந்த ஒருவரிடம் றீற்றா பேசிப் பதிந்த கசெற் ஒன்று கொடுத்து விட்டிருந்தாள். உன்னைக் கண்டால் போட்டுக் காட்டச் சொல்லி. நாங்கள் போட்டோம். முதலில் உன் பிள்ளைகள் மாறி மாறி வணக்கம் சொன்னார்கள். பிறகு அவள்.

"இஞ்சை சனம் கதைக்குது, அங்கை நீங்கள் ஒருத்தியை வைச்சிருக்கிறியளாம். இருக்கட்டும். நான் ஒண்டும் கேக்கேல்லை. பிள்ளையளுக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, அப்பா இருக்கிறன் எண்டு. அது போதும்."

ராசன் கசெற்றை நிறுத்தினான்.  அதை எடுத்து என் கையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

எனக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. நீ செத்துவிட்டாய் என்று நிறுவினால் அவள் விதவை. நிறுவாவிட்டால் அவள் கைவிடப்பட்டவள். இரண்டில் எதை அவளுக்குக் கொடுக்க நான் அலைகிறேன்? உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பையாவது விட்டுவைக்கலாமே என்று ஒரு மனம் சொல்லும். அந்த நினைப்புத்தானே அவளை முகாமில் தலைகுனிய வைக்கிறது என்று மறு மனம் சொல்லும். நடப்பேன், இருப்பேன், திரும்ப நடப்பேன். கடைசியில் ஒரு ஞாயிறு, உன் கருவாட்டில் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு கப்பித்தான் வீட்டுக்குப் போனேன்.

மனைவிதான் கதவு திறந்தாள். அவர் மேசையில் இருந்தார். தாடி இல்லை. மழித்த முகத்தில் ஆளே சின்னவராய்த் தெரிந்தார்.  பேசத்தான் என்னிடம் என்ன இருந்தது? பேப்பரைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

வாசம் எழும்பியது. அவர் அந்த மீனைப் பார்த்தார். ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டார். மெல்லவில்லை. வாயில் வைத்தபடியே அழுதார்.

பிறகு கையால் சொன்னார், நீயும் அவரும் பேசிய அதே பாஷையில். உள்ளங்கையைக் கப்பலாக்கினார். முன்பக்கத்தைத் தொட்டார், "மத்ரோஸ்" என்றார். சரளைக்குள் ஏறிய தண்ணீரை இறைக்க நீ குழாயை இழுத்துக்கொண்டு முன்னுக்குப் போயிருக்கிறாய். அவர் கை மெல்லச் சரிந்தது. முன்பக்கம் முதலில் போனது. அவர் வாயைக் குவித்து உன்னைக் கூப்பிட்டதைக் காட்டினார். சத்தம் வராமல் கூப்பிட்டுக் காட்டினார். என்னால் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன்.

கப்பல் ஓட்டத் தனக்குத் தந்த கடதாசிகளை எடுத்துக் காட்டி, கிழிப்பதுபோல் கையைக் காட்டினார். உண்மையைச் சொன்னால் இது போய்விடும் என்கிறார். "ஃபிரவு" என்றேன் நான். "ஃபிரவு வார்ற்ரெற்." மனைவி காத்திருக்கிறாள். ராசனிடம் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போன இரண்டு சொல். அவர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் போய் அவருடைய கோட்டை எடுத்து வந்து, போய்ச் சொல்லுங்கள் என்பதுபோல் கதிரையில் போட்டாள்.

மறுநாள் பொலிசுக்குக் கப்பித்தானும் நானும் போனோம். மொழிபெயர்க்க ராசன் வந்தான். உனக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னதையும் அவனே சொன்னான். தன் வழக்குக்கு என்ன ஆகும் என்று தெரியாமலே சொன்னான். வெளியே வந்து, "அண்ணை, அந்தக் கருவாட்டுக் கதையை நான் அண்டைக்கே கேட்டிருக்க வேணும்" என்றான். "இப்ப கேட்டிட்டாய்தானே" என்றேன். கப்பித்தானுக்கு என்ன தண்டனை என்று எனக்கு முழுதாய்த் தெரியாது. அதன் பிறகு அவர் தண்ணீரில் இறங்கவில்லை.

கருவி வைத்துத் தேடினார்கள். கப்பல் கிடக்கிற இடம் தெரிந்தது. ஆள் இறங்க ஏலாத ஆழம், வெளியே எடுக்கமாட்டார்கள் என்றார்கள். நீ இறந்ததாகக் கடதாசி மட்டும் தந்தார்கள். அதைப் பாதிரியார் மூலம் வவுனியாவுக்கு அனுப்பினோம். அதோடு எல்லாம் முடிந்தது என்று ராசன் நினைத்தான்.

றீற்றா நம்பவில்லை.

வவுனியாவில் போன் பேசுகிற கொம்யூனிக்கேசன் கடைக்கு அவளை வரச் சொல்லிப் போன் எடுத்தோம். ராசன் பேசப் பேச அவள் குரல் வெளியே எனக்குக் கேட்டது. "கடதாசி ஆரும் எடுக்கலாம் அண்ணை. எங்கடை முகாமிலையே ஒருத்தியின்ரை மனிசன் செத்துப்போனாரெண்டு கடதாசி வந்தது. ஆள் அங்கை கலியாணம் கட்டிப் பிள்ளையும் இருக்கு. என்னை ஏன் ஏமாத்திறியள்?" ராசன் வியர்த்துப் போனான். அவள், "அறையிலை வயசான ஐயா ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொல்லுவார். அவரிட்டைக் குடுங்கோ" என்றாள்.

நான் வாங்கினேன். கடல் இரைவதுபோல் போனுக்குள் ஒரு சத்தம்.

"ஐயா, நீங்களாவது உண்மையைச் சொல்லுங்கோ. அவர் ஓடிப் போட்டாரோ?"

"பிள்ளை, அவன் அண்டைக்குக் கருவாடு காயப் போட்டிட்டுத்தான் வேலைக்குப் போனவன்" என்றேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான்.

 பிறகு, "எப்பிடிக் கீறினவர்?" என்றாள்.

"முதுகாலை."

"தலையோடையோ?"

"தலையோடைதான். செவுள் பூவையும் குடலையும் எடுத்திட்டு, கண்ணுக்குள்ளையும் உப்பு வைச்சவன்."

"ஓம், அப்பிடித்தான் வைப்பார்." அவள் குரல் இறங்கியது. "எத்தினை வெயில் கண்டது ஐயா?"

"ஒரு வெயில். மத்தியானம் திருப்பி விடச் சொல்லிப்போட்டுத்தான் போனவன்."

"நீங்கள் திருப்பினனீங்களோ?"

"திருப்பினனான் பிள்ளை."

 ராசன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஒரு வெயில் கண்ட மீனை அவர் விட்டிட்டுப் போகமாட்டார்" என்றாள். யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள். பிறகு, "அப்ப என்னையும் விட்டிட்டுப் போகேல்லை."

"இல்லைப் பிள்ளை. விட்டிட்டுப் போகேல்லை."

"போனை வையுங்கோ ஐயா. நான் அழவேணும்."

வைத்தேன். அவள் அழுவதற்கு அவ்வளவு நாள் அனுமதி இல்லாமல் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

மிச்சக் கருவாட்டை ராசன் சட்டியில் போட்டுக் குழம்பு வைத்தான். நாங்கள் எல்லாரும் தரையில் இருந்து சாப்பிட்டோம். உன் செத்தவீட்டுச் சாப்பாடு அதுதான். அறை முழுக்க நாறியது. பொறுப்பாளர் வாசலில் வந்து நின்றார், கத்தவில்லை, ஒரு தட்டை நீட்டினார். உன்னை விழுங்கிய அதே காற்று உன் மீனை நன்றாய்க் காய வைத்திருந்தது. உப்பு அளவாய் இருந்தது. அதை நினைக்கத்தான் எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

றீற்றா இப்போது மன்னாருக்குத் திரும்பிவிட்டாளாம். தலை நிமிர்ந்து இருக்கிறாள் என்று ராசன் சொன்னான். அவனும் எப்படியோ வழக்கை வென்றுவிட்டான். எல்லாரும் ஒரு கரையில் ஏறிவிட்டார்கள். எனக்கு மட்டும் ஏறினதுபோல் இல்லை. ஒரு வேலையைப் பாதியில் விட்டு வந்தவன் போல எழும்பி எழும்பிப் போகிறேன். வானம் வெளித்துத் தூரத்து மேடுகள் கிட்டத் தெரிகிற நாளில் வீட்டாரை வெளியே விடமாட்டேன். "இஞ்சை ஏரியே இல்லை மாமா" என்று மருமகன் சிரிப்பான்.

கீழே வேலைக்காரர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்கள். சரளைக் குவியல் வெயிலில் மேற்பக்கம் வெளுத்துக் காய்ந்துவிட்டது. அடிப்பக்கம் இன்னும் ஈரமாய்த்தான் இருக்கும். எழுதுகிற பிள்ளை பேனையை மூடப் பார்க்கிறாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தக் கல்லைத் திருப்பிவிட இறங்கப் போகிறேன். நீ சொன்ன மத்தியானம் எனக்கு இன்னும் முடியவில்லையடா தம்பி. மீனைத் திருப்பிவிடச் சொல்லி நீ விட்டுப்போன கை இது, சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.